வராமல் இருக்க ஒரு மாத்திரை

அக்காவைப் போலப் பயந்த ஒருத்தியை நான் இதுவரை பார்த்ததில்லை.

கூடப் பிறந்தவள் இல்லை. தாராவியில் ஸ்கூல் பை தைக்கிற ஒரு கார்கானாவில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். கீழே ரெக்சின் சுருள்களை அடுக்கி வைத்திருக்கும் அறை, மேலே தையல் மிஷின்கள். ஏறுவதற்குச் சுவரோடு பற்றவைத்த ஓர் இரும்பு ஏணி. நாங்களெல்லாம் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டே தடதடவென்று ஏறிப்போவோம். அக்கா மட்டும் தூக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக நின்று நின்று வருவாள். "ஏணி ஆடுதுட்டி" என்பாள். ஏணி ஆடியதே இல்லை.

எதற்குத்தான் பயப்படவில்லை அவள்? கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுத் தெருமுனை வரை வந்தபின் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பால் பாக்கெட்டில் தேதி படித்த பிறகும் முகர்ந்து பார்ப்பாள். பஸ்ஸின் நம்பரைக் கண்ணால் பார்த்தும் கண்டக்டரிடம் "செம்பூர்தான ஜாயேகா?" என்று கேட்டுத்தான் ஏறுவாள். லிப்ட் என்றால் ஆகாது, எஸ்கலேட்டர் என்றால் அதைவிட ஆகாது. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள், அது நிற்கிற வரைக்கும். "எதுக்கும் ஒருக்கா பாத்துக்கிடுவோம்" என்பது அவள் வாயில் எப்போதும் இருக்கிற சொல். அவளைக் கேலி செய்ய நினைக்கிறவர்கள் அவள் குரலிலேயே அதைச் சொல்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு, எதற்கும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. இரண்டு பேர் வீடும் செம்பூரில் அடுத்தடுத்த சந்து. காலையும் மாலையும் ஒன்றாகத்தான் ரயில். கூட்டமாக வருகிற வண்டியை விட்டுவிடச் சொல்வாள். அடுத்ததும் கூட்டமாகத்தான் வரும். அப்புறம் என் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடியபடி லேடீஸ் டப்பாவுக்குள் ஏறுவாள். குருதேக் பகதூர் நகரில் இறங்கும்போது என் துப்பட்டா எப்போதும் கசங்கித்தான் இருக்கும்.

அவள் வீட்டுக்காரர் டெம்போ ஓட்டினார். எனக்கு அவர் அண்ணாச்சி. பாந்த்ரா, பிவண்டி, பன்வேல் என்று சரக்கு எடுத்துப் போவார். அதிகம் பேசாத மனிதர். எங்கே போய்ச் சேர்ந்தாலும் அக்காவுக்கு போன் செய்து "வந்துட்டேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைப்பார். அந்த வார்த்தை வரும்வரை அக்காவின் மிஷின் மெதுவாகத்தான் ஓடும். வந்ததும் வேகம் பிடிக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அண்ணாச்சி பத்திரமாகப் போய் இறங்கிவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த அண்ணாச்சிக்குக் கல்லடைப்பு வந்தது. ஆபரேஷன் என்றார்கள். அதற்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு சில நாள் அக்கா எதற்குமே பயப்படவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. முதலில் வந்த வண்டியிலேயே ஏறினாள். ஏணியில் எங்களைப் போலவே ஏறினாள். சிலிண்டரைப் பார்க்கத் திரும்பிப் போகவில்லை. என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்றாள்.

ஒருநாள் மத்தியானம் மிஷின் ஊசி அவள் ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. தையல்காரர்களுக்கு இது நடக்கிறதுதான். நான் ஓடிப்போய் விரலைப் பிடித்து அழுத்தக் கையை நீட்டினேன்.

"தொடாத!"

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. எல்லா மிஷினும் நின்றுவிட்டது. அவளே பல்லைக் கடித்து ஊசியை உருவி, ஒரு துண்டுத் துணியைச் சுற்றிக்கொண்டாள். தரையில் விழுந்த இரண்டு மூன்று சொட்டு ரத்தத்தை, வேறு யாரும் வருவதற்கு முன், குனிந்து தானே துடைத்தாள். துடைத்த துணியையும் பாலிதீன் கவரில் போட்டு முடிச்சுப் போட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நீலத் தார்ப்பாயின் நிழலில் உட்கார்ந்து, தூக்கைத் திறக்காமலேயே சொன்னாள்.

"அவுகளுக்கு எச்.ஐ.வி. இருக்காம்."

நான் திறந்த என் தூக்கை மறுபடியும் மூடினேன்.

"எனக்கும் பாக்கணும்ங்காவ. ஒத்தையில போகப் பயமா இருக்குட்டி. வாரியா?"

இதைத்தான் நான் பலமுறை நினைத்துக்கொள்வேன். ரயிலில் தனியாக ஏறத் தெரிந்தவளாக இருந்திருந்தால் அவள் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். துணை வேண்டும் என்பதற்காகத்தான் எனக்கு அந்த ரகசியம் கிடைத்தது.

"அண்ணாச்சிக்கு எப்படிக்கா…?" என்று கேட்டுவிட்டேன். வாய் முந்திக்கொண்டது.

"நானும் கேட்டேன். சொன்னாவ" என்றாள். "அது எனக்கும் அவுகளுக்கும் இருக்கட்டும்."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவள் அவரை மன்னித்தாளா, மன்னிக்க ஏதாவது இருந்ததா என்பதுகூட எனக்கு இன்றுவரை தெரியாது.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் துப்பட்டா நுனி அவள் கையில் இருந்தது. அதை அவிழ்த்துச் சுற்றி, அவிழ்த்துச் சுற்றி, கடைசியில் நூல் பிரிந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டபோது அவளுக்குக் கையைக் கொடுத்துத் தூக்கினேன். கவுன்சலிங் மேடம் இந்தியில் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "என்ன சொல்லுதாவ? எனக்கு இல்லங்காவளா? சரியாக் கேளு" என்றாள். இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்கவேண்டும் என்றும் சொன்னார்கள். அண்ணாச்சிக்கு அங்கேயே மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். அந்த மருந்தால் அவர் ரத்தத்தில் கிருமி குறைய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை, நோய் இல்லாத மனைவியும் வராமல் தடுக்கிற மாத்திரை போட்டுக்கொள்ளலாம். அதற்கு வெளியே ஒரு டாக்டரைப் பாருங்கள் என்று வழி சொல்லி அனுப்பினார்கள்.

அந்த டாக்டர் மாட்டுங்காவில் இருந்தார். வயதான தமிழ் அம்மா. கிளினிக் நாலாவது மாடியில். லிப்ட் இருந்தது. நாங்கள் படியேறிப் போனோம்.

அக்கா கேட்ட கேள்விகளை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது. கிட்னி கெட்டுப் போகுமா? முடி கொட்டுமா? மாத்திரையைப் போட்டபின் வாந்தி எடுத்தால் அது கணக்கா, இல்லையா? விரத நாளில் போடலாமா? வராமல் இருக்கப் போடுகிற மாத்திரையே வரவைத்துவிடாதா? கடைசியில், குரலைத் தாழ்த்தி, "நாங்க புள்ள பெத்துக்கிடலாமா?"

டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். "மாத்திரை வியாதியைக் கொண்டுவராதும்மா. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும், அப்புறம் மூணு மாசத்துக்கு ஒருதரமும் ரத்தம் பார்ப்போம், கிட்னியும் பார்ப்போம். தினம் ஒண்ணு, விடாம போட்டுக்கணும். மருந்து ஒடம்புல ஏற கொஞ்ச நாளாகும். அதனால போட்ட மறுநாளே தைரியம் வந்துடக் கூடாது. ஆணுறையும் வேணும். அவரோட கிருமி நன்னா அடங்கட்டும், அப்புறம் குழந்தையைப் பத்திப் பேசலாம். தாராளமா பேசலாம்."

"நான் ரொம்பப் பயப்படுவேன் டாக்டர்" என்றாள் அக்கா, குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி.

"நல்லதாப் போச்சு. பயப்படறவா மாத்திரையை மறக்க மாட்டா. எனக்கு தைரியசாலிகளைப் பார்த்தாத்தான் பயம்" என்றார் டாக்டர்.

முதல் சில நாள் அவளுக்குக் குமட்டல் இருந்தது. கார்கானாவில் அடிக்கடி வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போவாள். பெண்கள் கண்ணைச் சிமிட்டி, "என்ன, விசேஷமா?" என்றார்கள். கல்யாணமாகி ஆறேழு வருடமாகக் குழந்தை இல்லாதவளிடம் அப்படிக் கேட்டார்கள். அவள் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. ஏணிக்குக் கீழே நின்று தண்ணீர் குடித்துவிட்டு மேலே வந்து மறுபடியும் ஜிப் தைக்க ஆரம்பித்தாள்.

தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை. அது அவள் உலகத்தில் இன்னொரு சிலிண்டர் ஆகிவிட்டது. போட்டதை அண்ணாச்சி பார்க்கவேண்டும், பார்த்தேன் என்று வாயால் சொல்லவேண்டும்.

அந்த வருட மழையில் ஒருநாள் சாயங்காலம், சுனாபட்டி தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. தண்டவாளத்தில் தண்ணீர். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. டப்பாவில் யாரோ பஜனை பாட ஆரம்பித்தார்கள். அக்கா மணியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். போனில் சார்ஜ் இல்லை.

"மாத்திரை கொஞ்சம் லேட்டானா ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்லக்கா" என்றேன்.

"சொன்னாங்க. மனசு கேக்கணும்லா?"

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சிலர் இறங்கி, முழங்கால் தண்ணீரில் ஜல்லிமேல் நடந்துகொண்டிருந்தார்கள். திடீரென்று என் துப்பட்டாவைப் பிடித்தாள். பிடித்து, என்னை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பிளாட்பாரம் இல்லாத அந்த உயரத்திலிருந்து கம்பியைப் பற்றிக் கீழே இறங்கினாள். என்னால் நம்ப முடியவில்லை. அன்றைக்கு அவள்தான் முன்னால் போனாள். நான் துப்பட்டாவின் மறுமுனையில் தடுமாறிக்கொண்டு பின்னால் போனேன். குர்லா வந்தது, திலக் நகர் வந்தது. அவள் நிற்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்து, புடவையில் தண்ணீர் சொட்டச் சொட்ட மாத்திரையை விழுங்கினாள். விழுங்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"தண்டவாளத்துல நடந்தோமேட்டி! எதுக்க ஒரு ரயில் வந்திருந்தா?"

அழுதாள். நானும் அண்ணாச்சியும் அவள் தலையைத் துவட்டிவிட்டோம்.

அவளுக்கு ஒரே அண்ணன். ஆண்டாப் ஹில்லில் மளிகைக் கடை வைத்திருந்தார். அப்பா இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். ஒருநாள் அவர் மனைவி, மயினி என்று அக்கா கூப்பிடுகிறவர், வீட்டுக்கு வந்திருந்தார். சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த மாத்திரை டப்பாவைப் பார்த்திருக்கிறார். என்ன நினைத்தாரோ, போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காலேஜில் படிக்கிற மகளிடம் காட்டினார். மகள் பெயரைத் தேடிப் பார்த்து, இது எச்.ஐ.வி. மருந்து என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வந்தார். நான் கொஞ்சம் இட்லி மாவு கொடுக்கப் போனவள், திரும்ப முடியாமல் அடுப்பு மேடையை ஒட்டி நின்றுவிட்டேன். அவர் உட்காரவில்லை.

"ஏளா, ஒனக்கு எப்படி வந்துச்சு இது?"

"எனக்கு இல்லண்ணே."

"பொய் சொல்லாத. மாத்திரை இருக்குல்லா."

"அது வந்தவங்களுக்கு மட்டுமில்ல. வராம இருக்கதுக்கும் அதத்தான் குடுக்காவ. எனக்கு வரல. வரக்கூடாதுன்னு போடுதேன்."

அண்ணன் அதைப் புரிந்துகொள்ள நேரமாயிற்று. அப்புறம் மெல்லத் திரும்பி, கதவோரம் நின்ற அண்ணாச்சியைப் பார்த்தார்.

"அப்ப ஒமக்கா?"

"ஆமா மச்சான்" என்றார் அண்ணாச்சி. தலையை நிமிர்த்தவில்லை.

அண்ணன் அவரை அடித்துவிடுவாரோ என்று எனக்குத் தோன்றியது. அடிக்கவில்லை. ஏதோ நெருப்பைக் கண்டவர் போல ஓரடி பின்னால் நகர்ந்தார். அது அடித்ததைவிட மோசமாக இருந்தது.

"ஏளா, துணிமணிய எடு. கடைக்குப் பின்னால ரூம்பு கெடக்கு. வந்து இரு. மத்ததப் பொறவு பேசிக்கிடலாம்."

"நான் வரலண்ணே."

"பைத்தியமா புடிச்சிருக்கு? கரப்பானப் பாத்தா ஊரக் கூட்டுவ. இப்பம் ஒனக்குப் பயமா இல்லியா?"

அக்காவின் கை சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் குரல் உடையவில்லை.

"பயமாத்தான் இருக்கு. பயமா இருக்கப் போயித்தான தெனமும் மாத்திரை போடுதேன். பயம் இல்லாதவளா இருந்தா எதுக்குப் போடணும்?"

"அப்பம் எங்க வீட்டு வாசல மிதிக்காத" என்று சொல்லிவிட்டு அண்ணன் போய்விட்டார்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் அணைக்கவில்லை. நான்தான் அணைத்தேன். அண்ணாச்சி கதவோரத்திலிருந்தே, "மச்சான் சொல்லுதது சரிதான். நீ போறதுன்னா போ" என்றார்.

"நான் எங்க போவ? ஒத்தையில ரயிலேறத் தெரியாது எனக்கு" என்றாள் அக்கா.

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. வெளியே போய், டெம்போவின் கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒரு நல்ல செய்தி வந்தது. அண்ணாச்சியின் ரத்தத்தில் கிருமி சோதனையிலேயே தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. மருந்தை விடாமல் போட்டு இப்படியே வைத்திருந்தால் மனைவிக்குத் தொற்றாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். பரீட்சையில் பாஸான பையனைப் போலப் பேடா வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கும் கொடுத்தார். அன்று ராத்திரியும் அக்கா மாத்திரையை எடுத்து வாயில் போட்டாள்.

சில நாள் கழித்து, தெருமுனையில் என்னைப் பார்த்தபோது அவராகவே பேச ஆரம்பித்தார். அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"கோவம் ஒண்ணுமில்லம்மா. ஆனா அவ அத முழுங்கும்போது பாத்தேன்னு வச்சுக்க, நான் ஏதோ பாம்பு மாதிரியும், அவ என்கூட ஒரே ரூம்புல படுத்துக் கெடக்க மாதிரியும் இருக்கு."

இதை அக்காவிடம் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல், கடைசியில் சொன்னேன். அவள் தைத்துக்கொண்டிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, "அவுகளுக்கா பயப்படுதேன்? நான் என் பயத்துக்குத்தான் பயப்படுதேன்" என்றாள். அன்று சாயங்காலம் அவரையும் கூட்டிக்கொண்டு மாட்டுங்கா போனாள். அந்த ஒரு தடவை நான் துணைக்குப் போகவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று மறுநாள் கேட்டேன். குழந்தைக்கு முயற்சி செய்யலாம், மாத்திரையையும் கூடவே போட்டுக்கொள்ளலாம், நிறுத்துவதானால் அவர்களாக நிறுத்தாமல் தன்னிடம் வந்து, இரண்டு பேரும் மனசாரச் சொல்லும்போது நிறுத்தலாம் என்றாராம். அதற்குப் பிறகு ஒருநாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். அண்ணாச்சி ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து வந்தார். தன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் தன்னுடையதை எடுத்ததும் இருவரும் ஒன்றாகப் போட்டுக்கொண்டார்கள். பிறகு அக்கா சாம்பார் ஊற்றினாள்.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கர்ப்ப காலம் முழுக்க, ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் நான்தான் கூடப் போனேன். ஒவ்வொரு முறையும் என் துப்பட்டாவுக்குச் சேதம். தாய்க்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. அண்ணாச்சிக்கு ஐரோலியில் ஒரு கம்பெனி வண்டி கிடைத்து அந்தப் பக்கம் குடிபோனார்கள். எனக்குக் கல்யாணமாகி நான் ஆண்டாப் ஹில் வந்தேன். இப்போது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் பேசுவதோடு சரி.

அவளை நினைக்கும்போது ரயிலோ ஏணியோ எனக்கு வருவதில்லை. அவளுக்கு வளைகாப்பு நடந்த நாள்தான் வருகிறது.

பிறந்த வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்திருந்ததால் அண்ணாச்சியே வளையல் வாங்கி வைத்திருந்தார். கார்கானாப் பெண்கள் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். அக்காவை மணையில் உட்காரவைத்துச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தபோது வாசலில் மயினி வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் கண்ணாடி வளையல். செருப்பைக் கழற்றவில்லை. நான் எழுந்து அவரிடம் போனேன்.

"கோயிலுக்குன்னு சொல்லிட்டு வந்தேன். அவுகளுக்குத் தெரியாது" என்றார். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காமல், "தொட்டா ஒண்ணும் ஆயிராதுல்லா?" என்றார்.

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. இத்தனை மாதம் கழித்து, வீடு தேடி வந்து, இந்தக் கேள்வியா? நான் ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் மணையில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது கேட்டுவிட்டது. அவள் மயினியின் முகத்தைப் பார்த்தாள். கோபமே இல்லாமல் பார்த்தாள். கூட்டமான வண்டி வரும்போது தான் நிற்கிற மாதிரி இன்னொருத்தி நிற்கிறாள் என்று தெரிந்துகொண்டவள் போலப் பார்த்தாள்.

"தொட்டா ஒண்ணும் ஆவாது மயினி. எனக்கு இல்ல. இருந்தாலும் ஒண்ணும் ஆவாது. ஆனா ஒங்களுக்குப் பயமா இருந்துச்சுன்னா தொட வேண்டாம். வளையல இங்கன வைங்க, நானே போட்டுக்கிடுதேன். நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்."

மயினி அழவில்லை. செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். பையிலிருந்து வளையல்களை எடுத்தார். வளையல்கள் அக்காவின் கைக்குப் போவதற்கு முன்னாலேயே சத்தம் போட்டன. வெகுநேரம் அவற்றைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு இன்னொரு கையால் அக்காவின் விரல்களைச் சேர்த்துக் குவித்துப் பிடித்து, ஒவ்வொன்றாக ஏற்றினார். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. எல்லா வளையலும் ஏறிய பிறகும் அந்தக் கையை விடவில்லை.